மகள் தட்டில் சாப்பிட்டது

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு பாய் சம்சாரம், மகள், நான். ஞாயிற்றுக்கிழமை, ஷூ கம்பெனி லீவு.

மகளுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளும் என்னோடு கம்பெனிக்கு வந்தவள்தான். தோலுக்கு சொல்யூஷன் பசை தடவுகிற வேலை. கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று வேலையிலிருந்து நின்றுவிட்டாள். பசை வாடை தலைக்கு ஏறிவிட்டது, வீட்டில் இருந்தால் தெளியும் என்று நினைத்தோம். பாய் சம்சாரம் தர்காவிலிருந்து ஓதின தண்ணீர் கொண்டுவந்தார். தெளியவில்லை. வேலூரில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். கையில் கொடுத்தால் துப்பினாள். தோல் மடிப்பைத் தட்டுகிற சின்னச் சுத்தியால் தூளாக்கி ரசம் சாதத்தில் கலந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று தட்டை வைத்ததும் முகர்ந்தாள். "இதுல இன்னாவோ கலந்துருக்க."

வீட்டுக்காரர் சிரித்தார். "உங்கம்மாவுக்கு உப்பே ஒழுங்கா போட வராது. விஷம் போடுவாளா?"

பெற்றவளைச் சந்தேகப்படலாமா என்று பாய் சம்சாரமும் கேட்டார்.

மகள் தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீ மொதல்ல சாப்டு."

சாப்பிட்டேன். பிறகு அவளும் சாப்பிட்டாள். அதுவே பழக்கமாகிவிட்டது. ஒரே தட்டு, ஆளுக்குப் பாதி. பார்த்தவர்கள் பாசம் என்றார்கள். கம்பெனியில் எனக்குக் கண் சொருகியது, நாக்கு தடித்தது. தையல் கோணலாகப் போனது. சூப்பர்வைசர் மெஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்ட உட்கார வைத்தார். மகளுக்குக் குணம் தெரியவில்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இரண்டு பேருக்கும் கூடியது.

அப்புறம் ஒரு நாள் மாத்திரையைத் தூளாக்காமல் தட்டின் ஓரத்தில் வைத்தேன். இதைத்தான் இவ்வளவு நாள் கலந்தேன் என்று சொன்னேன்.

என்னையே பார்த்தாள். "அப்ப நான் சொன்னது நெசந்தானே?"

"நெசந்தான்."

"பஸ்ல பேசிக்கினாங்களே. அதுவும் நெசமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த வாயால் சொல்வது? "எனுக்கு ஒண்ணும் கேக்கலடி" என்றேன்.

மாத்திரையை எடுத்து நடுவில் உடைத்தாள். ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். உனக்குத்தான் என்றேன். இவ்வளவு நாள் நீயும்தானே தின்றாய் என்று கேட்டாள். அந்தத் துண்டைத் தட்டிலேயே வைத்தாள். இன்னொன்றைத் தண்ணீரோடு முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள்.

அரை மாத்திரை.