சூரியனுக்கு முதுகு காட்டின அட்டவணை

என் தங்கச்சி வீட்டுக்காரரைத் தெருவே ‘அட்டவணை’ன்னுதான் கூப்பிடும். சட்டை பட்டன் போடவே திட்டம் போடற ஆளு. போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்காரு. “காது தெரியட்டும், சிரிக்காதீங்க”ன்னு சொல்லிச் சொல்லியே தலை நரைச்சிடுச்சு. மூஞ்சியா எடுத்து அலுத்த மனுஷனுக்கு ஒரே ஆசை. மலையும் ஏரியுமா தன் படம் ஒண்ணு காலண்டர் அட்டையில வரணும், அடியில தன் பேரு இருக்கணும்.

அச்சகக்காரர் வருஷா வருஷம் “பாக்கலாம்”னு சொல்லிட்டு வேற யாரோ எடுத்ததைப் போட்டுடுவாரு. இந்தத் தடவை கறாரா சொல்லிட்டாரு: “நாளைக்கு மதியம் மிஷின் ஓடும். அதுக்குள்ள அசத்தறாப்ல ஒண்ணு கொண்டாய்யா. இல்லேன்னா இனிமே காலண்டர்னு சொல்லிக்கிட்டு என் படி ஏறாத.”

ஏரிக்கு அந்தாண்ட ரெண்டு மலை, நடுவுல ஒரு இடுக்கு. வருஷத்துல சில நாள்தான் சூரியன் கரெக்டா அதுல எழும்பும். முந்தின நாளெல்லாம் மேகம் கெடுத்துடுச்சு. மறுநாள்தான் கடைசி நாள். விடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்தோம். நான் எதுக்குன்னா, பை தூக்க. தங்கச்சி எதுக்குன்னா, என் வாயை மூட.

கேமரா முக்காலியைப் பாறையோட கயிறு போட்டுக் கட்டினாரு. லென்ஸ் வளையம் இம்மி நகரக்கூடாதுன்னு சுத்திச் சுத்தி டேப் ஒட்டினாரு.

“மாப்ள, கல்யாணத்தன்னிக்கு என் தங்கச்சி கையைக்கூட இவ்வளவு பத்திரமாப் புடிக்கலையே!”

“மச்சான், மூச்சு விடாதீங்க. தரை ஆடும்.”

வானம் வெளுத்துது. இடுக்கு பூரா பனிமூட்டம். அவரு பட்டன் மேல வச்ச விரலை எடுக்கவே இல்ல. அப்பதான் தங்கச்சி கத்தினா.

“என்னங்க, பின்னாடி பாருங்க!”

எங்க முதுகுப் பக்கம், ஏரி வளைஞ்சு போற கரையிலேர்ந்து மழை திரையா நகர்ந்து வருது. மலைக்கு மேலாகத் தப்பின வெயில் அதுல பட்டு, மொத்த மழையும் செம்புக் கம்பியா நிக்குது.

“சும்மா இரு. இடுக்குதான் திட்டம்.”

“இடுக்குல பனிதாங்க இருக்கு! மிஷினுக்குள்ள உங்க திட்டத்தையா விடப் போறீங்க?”

ஒரே ஒரு தடவை திரும்பினாரு. மூஞ்சி மாறிடுச்சு. முக்காலியிலேர்ந்து கேமராவைப் பிடுங்கினாரு. இடுக்குக்குன்னு நெருக்கி வச்ச லென்ஸு, விரிச்சாத்தான் மழை அடங்கும். டேப் வரல. நகத்தால சுரண்டினாரு, வரல. செம்பு மங்க ஆரம்பிச்சுடுச்சு.

“கடிச்சு இழுங்க மாப்ள!”

பல்லால கிழிச்சாரு. பாறையில முட்டி போட்டு, வெறுங்கையால டக் டக்குன்னு மூணு. மழை எங்க மேலயே வந்து விழுந்துது. நிறம் அணைஞ்சுடுச்சு.

எந்திரிச்சுத் திரும்பினா, பனி விலகி இடுக்குல முழுச் சூரியன். அவரு சொன்ன அதே இடத்துல, உருண்டையா. லென்ஸ் பூரா தண்ணி. சட்டையால துடைக்கறதுக்குள்ள மேகத்துக்குள்ள போயிடுச்சு. எனக்கு வாய்ல ஒரு நக்கல் வந்துது, முழுங்கிட்டேன்.

மூணு படத்துல ரெண்டு ஆடி மங்கலாயிடுச்சு. மிச்சம் ஒண்ணைப் பாத்த அச்சகக்காரர் மிஷினை நிறுத்தி வச்சாரு. அட்டையில வந்துது, அடியில பேரோட. தங்கச்சி அதை ஸ்டுடியோவுலயே மாட்டிட்டா. வர்றவங்க எல்லாம் வாயைப் பொளக்கறாங்க. அவரு மட்டும், “தலையை நேரா வைங்க”ங்கறாரு.

“ஆசை நிறைவேறிடுச்சே மாப்ள, ஏன் உர்ருன்னு இருக்கீங்க?”

“அது தானா வந்தது மச்சான். நான் எடுத்ததுன்னு சொல்லிக்க நாக்கு வரல.” லென்ஸைத் துடைச்சுக்கிட்டே, “அடுத்த வருஷம் அந்த வாரம் எங்கேயும் போயிடாதீங்க”ன்னாரு.