நெஞ்சுக்குள் ஒரு ரைஸ் மில்

என் நெஞ்சுக்குள் ஒரு ரைஸ் மில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று முதலில் சொன்னவள் என் பெஞ்சுத் தோழி. அதற்கு முன் ஆளாளுக்கு எனக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு நான் நோஞ்சான். அத்தைக்குச் சோம்பேறி. விளையாட்டு டீச்சருக்கு நடிகை. மைதானத்தில் அரைச் சுற்று ஓடினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவேன். “இன்னாமா நடிக்குது பாரு” என்பார். மழைக்காலம் வந்தால் நெஞ்சில் கட்டிய சளி பொங்கல் வரைக்கும் போகாது. எவ்வளவு தயிர்சாதம் போட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. தாவணி என் தோளில், கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கும்.

திருவள்ளூரில் கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா பெருமாள் கைங்கர்யத்தில் இருந்தார். எங்கள் ஊர்ப் பெருமாளுக்கே வைத்தியர் என்று பெயர். அமாவாசை தோறும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து, வெல்லம் கரைவது போல நோய் கரையட்டும் என்று குளத்தில் வெல்லத்தைப் போடுவார்கள். ஊரார் நோயெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போய்வந்தது. நோய் என்பது ரயிலிலும் மாட்டுவண்டியிலும் வருகிறவர்களுக்கு உள்ளது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா எனக்காகவும் வெல்லம் கரைத்தாள். ஆனால் அது நான் கொஞ்சம் சதை போட்டு, பார்ப்பதற்கு லட்சணமாக ஆக வேண்டும் என்பதற்காக.

தோழிக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். சொந்த நிலத்தில் நெல் பயிரிடும் குடும்பம். தினமும் பாசஞ்சர் வண்டியில் வருவாள். பள்ளிக்கூடத்திலேயே பெரிய குரல் அவளுடையதுதான். வகுப்பில் ரகசியம் பேசினால் தலைமையாசிரியை அறைவரை கேட்கும். அவள் எனக்குத் தோழியானதற்குக் காரணம், நான் நோஞ்சானாக இருந்ததுதான். முதல் நாளே, “நீ ஏன் இப்டி மூச்சு வாங்கினு கீற? எங்க ஊட்டு எருமகூட இவ்ளோ வாங்காது” என்று கேட்டுவிட்டு, என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பையைத் திருப்பித் தரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. உடற்கூறு பாடத்தை எங்கள் சயின்ஸ் டீச்சர் செல்லிலிருந்து ஆரம்பித்தார். செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து மண்டலம். “கிராமம், தாலுகா, ஜில்லா மாதிரியா டீச்சர்?” என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தாள் தோழி. டீச்சருக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள் என்றார்.

இதயத்துக்கு வந்தபோது, டீச்சர் வீட்டிலிருந்து ஒரு தகரப் புனல் கொண்டுவந்தார். எண்ணெய் ஊற்றுகிற புனல்; தேய்த்துக் கழுவியும் நல்லெண்ணெய் வாசனை போகவில்லை. அதன் வாலில் லேபரட்டரி ரப்பர் குழாயைச் செருகினார். புனலைப் பக்கத்தில் இருப்பவள் நெஞ்சில் வைத்து, குழாயைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். லப், டப். லப் என்றால் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் உள்ள கதவு சாத்துகிற சத்தம். டப் என்றால் ரத்தம் வெளியே போன பிறகு வெளிக்கதவு சாத்துகிற சத்தம். சத்தமே கதவு சாத்துவதுதான் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொருத்தியும் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எங்கள் பெஞ்சின் முறை வந்தது. தோழி என் நெஞ்சில் புனலை வைத்தாள். சிரிக்கவில்லை. இடது கழுத்தெலும்புக்குக் கீழே நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள்.

“டீச்சர், இவளுக்கு லப்பும் இல்ல, டப்பும் இல்ல. ரைஸ் மில்லு ஓடுது.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் வந்து குழாயை வாங்கிக் கேட்டார். புருவத்தைச் சுருக்கினார். “குழாயில ஓட்டை இருக்கு. காத்து போற சத்தம்” என்று சொல்லி வேறு குழாய் மாட்டினார். புதுக் குழாயிலும் மில் ஓடியது. அப்படியானால் புனலில்தான் விரிசல் என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததால் போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். தோழிக்குப் பிடித்தால் பிடிதான். மத்தியான இடைவேளையில் புனலை எடுத்துக்கொண்டு வராந்தாவில் எதிர்ப்பட்ட பெண்களின் நெஞ்சையெல்லாம் கேட்டாள். சாப்பாட்டுக் கையோடு ஓடியவர்களையும் விடவில்லை. பிறகு டீச்சர்கள் அறை வாசலில் போய் நின்றாள்.

“டீச்சர், புனலு நல்லாத்தான் கீது. எல்லார் நெஞ்சுலயும் லப் டப்புதான் வருது. இவகிட்ட மட்டும்தான் மில்லு ஓடுது. நெஞ்சு மேல கைய வெச்சா கையே அதிருது. வந்து பாருங்க.”

டீச்சர் வந்து கை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அன்று சாயங்காலமே புனலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தோழியும் அடுத்த வண்டிக்குப் போய்க்கொள்கிறேன் என்று கூடவே வந்தாள்.

அப்பா குழாயைக் காதில் வைத்து வெகுநேரம் கேட்டார். அம்மா தவித்துப்போய், “என்னன்னா கேக்கறது?” என்றாள்.

“சங்கைக் காதுல வெச்சா கேக்குமே, அந்த மாதிரி இருக்கு. நிக்கவே மாட்டேங்கறது” என்றார் அப்பா. அவரவருக்குத் தெரிந்த சத்தம்தானே காதில் விழும்.

உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு டாக்டர், கேட்ட உடனேயே தலையை ஆட்டினார். மெஷின் ஓடுவது போன்ற சத்தம் என்றுதான் அவர்கள் பாடத்திலும் இருக்கிறதாம். ரைஸ் மில் என்று சொன்னது யார் என்று கேட்டுச் சிரித்தார். பிறகு மேசையில் விரலால் கோடு போட்டு விளக்கினார்.

வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு தாயின் ரத்தத்திலிருந்து வருகிறது. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லை. அதனால் அங்கே போகிற ரத்தத்தை, உடம்புக்குப் போகும் பெரிய குழாய்க்குத் திருப்பிவிட ஒரு குறுக்கு வழி இருக்கிறது. குழந்தை பிறந்து அழுததும் நுரையீரல் விரிகிறது. குறுக்கு வழி சில நாளில் தானாக மூடிக்கொள்ளும். எனக்கு மூடவில்லை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அந்த வழியாகத் திரும்பி நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் சளி, அதனால்தான் மூச்சு வாங்கல். ஒரு வேலைக்கு இரண்டு வேலையாக இதயம் அடித்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் நடுவயதைப் பார்ப்பது சந்தேகம் என்றார். விலாவைத் திறந்து அந்த வழியைக் கட்டிவிடலாம். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார்.

வெளியே மரத்தடியில் வந்து உட்கார்ந்தோம். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

“வேண்டாம்னா. வயசுக்கு வந்த பொண்ணு. கத்தி வெச்ச உடம்புன்னா நாளைக்கு எவன் பண்ணிப்பான்? பெருமாள் பார்த்துப்பார். ஆத்துக்குப் போயிடலாம்.”

வைத்தியப் பெருமாளுக்குக் கைங்கர்யம் செய்கிற அப்பா, வேறு வைத்தியரிடம் மகளைக் கொடுக்க வேண்டும். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆபரேஷன் வேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு தடவையாவது மைதானத்தை முழுசாகச் சுற்றி ஓடி, அந்த விளையாட்டு டீச்சர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

கடைசியில் அப்பா அம்மாவிடம் சொன்னார்: “அந்தக் குறுக்கு வழி தப்பான வாசல் இல்லே. அது இல்லேன்னா இவ வயித்துலயே தங்கியிருக்க மாட்டா. சொர்க்க வாசலும் நல்ல வாசல்தான். அதுக்காக வருஷம் பூரா திறந்தே வெச்சுக்க முடியுமோ? உத்ஸவம் முடிஞ்சா சாத்தணும்.”

“அதைப் பெருமாள் சாத்தட்டுமே!”

“ஸந்நிதிக் கதவைப் பெருமாளா எழுந்து வந்து சாத்தறார்? நாங்கதானே சாத்தறோம். இங்கே அந்தக் கைங்கர்யத்துக்கு இந்த டாக்டர் இருக்கார்.”

அப்பா எழுந்து உள்ளே போய்ச் சம்மதம் சொன்னார். அந்த வார்த்தைகளுக்காக நான் அவருக்குப் பட்ட கடனை எந்தப் பிறவியிலும் தீர்க்க முடியாது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது பயந்துபோனேன். வலியால் இல்லை. இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் எனக்கு எப்போதும் ஒரு இரைச்சல் கேட்கும். தலையணைக்குள் இருந்து எல்லோருக்கும் அது கேட்கும் என்றே நினைத்திருந்தேன். இப்போது அது இல்லை. செத்துவிட்டேன் என்று தீர்மானித்துவிட்டேன்.

“சிஸ்டர், சத்தம் நின்னு போச்சு” என்றேன்.

“அதுக்குத்தானேம்மா வந்தே?” என்றார் நர்ஸ்.

அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பிறந்ததிலிருந்து இரட்டை வேலை பார்த்து, நோஞ்சான், சோம்பேறி என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூட நிற்காத அந்த இதயத்தின் மேல் எனக்கு ஒரு தாய்க்குப் பிள்ளைமேல் வருவது போன்ற பாசம் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு தோழி வந்தாள், கையில் அதே புனலோடு. டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கட்டியது பட்டு நூலால் என்று நான் சொன்னதும், “கல்யாணத்துக்கு முன்னாடியே பட்டு கட்டிகினவ நீதான்டி” என்றாள். பிறகு கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். “மில்லு நின்னு போச்சு” என்று சொல்லி, அந்தப் பெரிய குரலால் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். மடிப்புடவையில் இருக்கும்போது எங்களைக்கூடக் கிட்டே சேர்க்காத அம்மா, அடுக்களையிலிருந்து அப்படியே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

மைதானத்தைச் சுற்றி ஓடினேனா என்றால், ஓடினேன். விளையாட்டு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். அதில் எனக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு.

எழுபதுகளில் நான் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். கும்மிடிப்பூண்டியில் அப்போது பட்டறைகளும் தொழிற்சாலைகளும் வர ஆரம்பித்திருந்தன. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவரைத் தோழி கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்த மாதமே உடனே வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். ரயிலேறிப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். குழந்தையை என் மடியில் போட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“பால் குடிக்கச் சொல்ல மூச்சு வாங்குதுடி. அவருகிட்டகூடச் சொல்லல. நீ கேட்டுச் சொல்லு, மில்லு ஓடுதா?”

“நீ கேக்கலையா? உன் காதுக்கு மேல ஒரு காதா?”

“கேட்டேன்டி. தினம் கேட்டுகினுதான் கீறேன். காதை வெச்சா என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேக்குது.”

தெருவில் இருந்த பட்டறையின் சத்தம் ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு பால் வாசனையடிக்கும் அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்தேன். இடது கழுத்தெலும்புக்குக் கீழே நகர்த்தினேன். மறுபடி நகர்த்தினேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவி கொத்துவது போல லப், டப், லப், டப். நடுவில் வேறெதுவும் இல்லை. மூச்சு வாங்கியது மூக்கடைப்பால்தான். ஆனாலும் நிமிர எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன்.

“சொல்லுடி” என்றாள். அவள் குரல் அவ்வளவு சன்னமாக வந்து நான் கேட்டதே இல்லை.

“சாத்தியாச்சுடி” என்றேன்.