ஒரேத்தோவில் ஒரு கவிஞர் சாக மறுத்த வரலாறு

ஈழத்துப் பேசாலையில் பிறந்து, இத்தாலியின் பலேர்மோவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, நல்லபடி வழியனுப்பிவந்த சூசைதாசனின் வாழ்க்கை, ஓர் ஆங்கிலக் கவிஞரிடம் வசமாக மாட்டிக்கொண்டது. கவிஞர் செத்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன. அதை ஒப்புக்கொள்ளாதவர் உலகத்தில் ஒருவர்தான்: அதே ஊரின் ஒரேத்தோ வட்டாரத்தில் சூசைதாசன் வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் எண்பத்தாறு வயதுப் பேராசிரியர்.

அவர் கவிஞரின் வரலாற்றைச் சொல்லச் சொல்லக் கணினி எழுதும். பொத்தானை அழுத்துவது சூசைதாசனின் உத்தியோகம். இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் கவிஞர் அவருக்குச் சொந்த மச்சானைப் போல ஆகிவிட்டார். காதலையும் கடவுளையும் கணித உபகரணத்தையும் ஒரே கட்டாகக் கட்டிப் பாடிய மனுசன். களவாகக் கலியாணம் முடித்துச் சிறைக்குப் போனார். பிறகு பாதிரியாராகிப் பிரசங்கம் வைத்தார். கடைசியில் பிரேதச் சீலையைச் சுற்றிக்கொண்டு, உயிரோடு நின்றே தன்னைப் படம் வரைவித்தார்.

படமும் வரைந்தாயிற்று, சாகவேண்டியதுதானே? அந்த இடம் வந்ததும் பேராசிரியர் கையை உயர்த்தி நிறுத்துவார். "சிறை அத்தியாயம் சரியில்லை, சூசா" என்பார். கவிஞர் மறுபடி உள்ளே போவார். இதுவரை ஏழு தடவை.

சூசைதாசனும் கூடவே போவார். நூல் முடியும்வரை விட்டுப் போவதில்லை என்று அந்தோனியார் படத்தின் முன்னால் கொடுத்த வாக்கு. ஆனால் ஜெனோவாவில் மகள் யூலியானாவுக்குப் பிள்ளை பெறும் மாதம் நெருங்கிவிட்டது. தாயில்லாப் பிள்ளை. செவ்வாய்க்கிழமைக் கப்பலுக்கு ரிக்கற்றும் போனில் வந்து கிடந்தது.

ஞாயிறு, தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கவிஞரின் ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டால் மரணம் உத்தியோகபூர்வமாகிவிடும். அதன்பிறகு பேராசிரியர் எந்த முகத்தோடு ஆளைச் சிறையில் வைப்பார்? இங்கிலீசுப் பெயரைக் கண்டால் பூசை வைக்கும் சுவாமி விசாரணை வைப்பாரே என்று பயந்து, துண்டில் இப்படி எழுதிக் கொடுத்தார்: 'என் வேலைவீட்டுப் பெரியவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.'

சுவாமி உரத்து வாசித்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது.

பின்னேரம் வீட்டு மணி அடித்தது. சூசைதாசன் குசினியில் நின்றதால் பேராசிரியரே தடியை ஊன்றிப் போய்த் திறந்தார். வாசலில் வெள்ளைச் சீலையும் தேத்தண்ணிப் பிளாஸ்குமாகக் கோயில் பாடகி மரியமலர். பின்னால் மெழுகுதிரியோடு அவள் புருசன் வலன்ரைன்.

"ஐயோ சேசுவே! சூசையண்ணை, ஆள் கிடக்கேல்லை, நிக்கிறார்!" என்று மரியமலர் பிளாஸ்கைக் கட்டிப்பிடித்தாள்.

"அப்ப பூசை ஆருக்கு? நான் வேலைக்கு லீவு சொல்லிப்போட்டெல்லோ வந்தனான்" என்றார் வலன்ரைன்.

"அது... ஒரு கவிஞருக்கு" என்றார் குசினியிலிருந்து ஓடிவந்த சூசைதாசன்.

"எப்ப செத்தவர்?"

"நானூறு வரியம் இருக்கும்."

"இப்பவோ உமக்கு அழுகை வந்தது?"

விசயத்தைச் சூசைதாசன் இத்தாலியனில் ஒருவாறு மென்று விழுங்கிச் சொன்னார். பேராசிரியர் வந்த இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்காகவா அழ வந்தார்கள்?" என்று கேட்டார். பிறகு கதிரையில் சாய்ந்து, வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "தொடங்கச் சொல், சூசா."

மரியமலர் வெட்கத்தோடுதான் செபத்தைத் தொடங்கினாள். இரண்டாம் செபத்தில் உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. பேராசிரியரின் முகமோ மெழுகுதிரியைவிடப் பிரகாசமாக இருந்தது.

"சூசா! சீலையைச் சுற்றி நின்றபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் எழுதியது பிழை."

சூசைதாசனின் நெஞ்சு குளிர்ந்தது. "அப்ப இண்டைக்கே கடைசி அத்தியாயத்தை முடிப்பம், புரொபெசோரே."

"கடைசியா? எல்லாமே பிழை. முதல் பக்கத்திலிருந்து."

செவ்வாய்க்கிழமை கப்பல் தன்பாட்டில் வெளிக்கிட்டது. யூலியானா போன் எடுத்தாள்.

"அப்பா, வயித்துக் குத்துத் தொடங்கிட்டுது. கப்பலிலையோ நிக்கிறியள்?"

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். சூசைதாசன் விரலைப் பொத்தானில் வைத்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"இல்லைப் பிள்ளை. ஆள் இஞ்சை இப்பதான் பிறக்கிறார். இனிக் கலியாணம், சிறை எல்லாம் கிடக்கு. செத்த உடனை வாறன்."