இடது மணிக்கட்டில் ஒரு தடம்

டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியபோது காலை ஏழு மணி இருக்கும். என் கணவர் ராஜேந்திரன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கை மரத்துப்போய்விட்டது என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது. வந்ததோ "கை... மரம்... மரம்". அவருக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தெரிந்தது.

அவர் மோட்டார் மெக்கானிக். குறுவை நடவு நேரம் என்பதால் முந்தைய நாள் முழுக்க வெயிலில் நின்று யாருடைய பம்புசெட்டையோ இறக்கி ஏற்றியிருந்தார். அசதிதான் என்று நினைத்து, "கொஞ்ச நேரம் படுங்க" என்றேன். மதியம் சாப்பிட எழுப்பியபோது வலது கையும் காலும் அசையவில்லை.

தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "எப்ப ஆரம்பிச்சுதும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் "கொஞ்ச நேரம் படுங்க" என்று நான் சொன்னது அதன்பின் என் காதைவிட்டுப் போகவில்லை.

இஸ்கிமிக் ஸ்ட்ரோக் (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு வரும் பக்கவாதம்) என்று எழுதினார்கள். கூடவே அஃபேசியா (மற்றவர் பேசுவது பெரும்பாலும் புரிந்தாலும் தான் பேச நினைக்கும் சொல் வாய்க்கு வராத நிலை). அவருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் "சரி சரி" என்றுதான் வரும். "பாவம், எதுக்கும் மறுப்பே சொல்றதில்ல" என்றார்கள் பார்க்க வந்தவர்கள்.

என்னைப்போல் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைப் பற்றி மட்டுமல்ல, நான் செய்ததைப் பற்றியும். முழுவதையும் என் கணவருக்குப் படித்துக்காட்டிவிட்டேன். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னார். திருத்தியிருக்கிறேன்.

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பத்து வருடங்களுக்கு மேலாக நான் ஓர் ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக இருந்தேன். இரண்டு அறைகள், நான்கு மேசைகள். மனு எழுதித் தருவோம், மாற்றுத்திறனாளி அட்டைக்கு எங்கே போவது, பட்டாவில் பெயர் மாற்ற யாரைப் பார்ப்பது என்று வழிகாட்டுவோம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களை வீட்டுக்குள்ளேயே வதைக்கும் விஷயங்களும் எங்களிடம் வரும்.

புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் நான்தான். சந்தேகம் வந்தால் அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். பாதிக்கப்பட்டவரைத் தனியாகப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொள்பவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கரும்பலகையில் எழுதிப் போட்டு இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தேன். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. கை, காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தவறாமல் செய்தேன். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

அவருக்குக் கத்தீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் குழாய்) போட்டு அனுப்பியிருந்தார்கள். அது உறுத்தியதோ என்னவோ, நன்றாக இருந்த இடது கையால் அடிக்கடி பிடித்து இழுப்பார். ஒருநாள் ரத்தம் வந்துவிட்டது. அன்று ஒரு பருத்தித் துண்டை எடுத்து அவருடைய இடது மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தோடு கட்டினேன். தளர்வாகத்தான் கட்டினேன். ஒரு மணி நேரத்துக்குத்தான்.

அந்த வாரமே வாரத்தில் இரண்டு மதியம் மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. போகும்போது கையைக் கட்டிவிட்டுப் போவேன். மூன்று மணி நேரம், சில நாள் நான்கு. பிறகு, திரும்பி வரும்போது குழாயோடு இணைத்த பை நிறைந்து வழியக் கூடாது என்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கட்டி வைத்தவர்கள் மையத்தில் சொல்லும் காரணங்கள்தான் அவை. என் வாயிலிருந்து வரும்போது எனக்கு அவை அப்படிக் கேட்கவில்லை.

நான்காவது மாதம் ஒருநாள், குழைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் வைத்த சோற்றை அவர் துப்பினார். என் முகத்தில், கண்ணாடியில், புடவையில் எல்லாம் தெறித்தது. மூன்றாவது முறையாக. நான் அவர் கன்னத்தில் அறைந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சரி சரி" என்றார்.

கன்னத்தைத் துடைத்துவிட்டு அழுதேன். இனி இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் அவர் மேல்கையில் கிள்ளினேன். அதற்கடுத்த வாரமும்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு அவரைப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. மையத்தின் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வி தானே வீட்டுக்கு வந்தாள். என்னைவிட இருபது வயது இளையவள். என்னை அக்கா என்பாள், அவரை மாமா என்பாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்திருந்தாள். சட்டையைச் சரிசெய்து அவரைச் சாய்த்து உட்கார வைக்க இடது கையைப் பிடித்தவள், பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

மணிக்கட்டைச் சுற்றி ஒரு தடம் இருந்தது. பழையது கறுத்தும் புதியது சிவந்தும். துண்டு கட்டில் சட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றினாள்.

"இது என்னக்கா?"

"டியூப்பப் புடுங்கிடுறாருடி. வேற என்ன செய்யறது?"

"மேல்கையில இருக்கற தடம்?"

அவள் சட்டையை இறக்கிவிட்டு, "அக்கா, நான் மாமாகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றாள்.

"என்னைய யாருன்னு நெனச்ச நீ?" என்று கத்தினேன். "நாலு மாசமா இவர் பீயையும் மூத்திரத்தையும் அள்ளுறவடி நான். நீயா வந்து அள்ளின?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "இல்லக்கா. நீங்கதான் அள்ளுனீங்க. வேற யார் வீடா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். கொல்லப்பக்கம் இருங்க, கூப்புடுறேன்."

கொல்லைக்குப் போய் நின்றேன். வேலிக்கு அப்பால் வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எதிர்வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அண்ணன் எப்புடி இருக்காங்க?" என்று கேட்டாள். "தேவலாம்" என்றேன். அந்த இருபது நிமிடத்தில் முதலில் செல்வி மேல் கோபம் வந்தது. பிறகு, அவர் எப்படியும் "சரி" என்றுதானே சொல்லப்போகிறார் என்ற நினைப்பு வந்தது. அதில் எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது. அந்த நிம்மதியை உணர்ந்தபோதுதான் நான் என்ன ஆகியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

செல்வி அவருடைய "சரி"யை நம்பவில்லை. ஒரே கேள்வியை இரண்டு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி, இல்லை என்றால் கையை மூடச் சொல்லி. தாளில் சின்னச் சின்னப் படங்கள் வரைந்து காட்டியிருக்கிறாள். அவர் திரும்பத் திரும்பத் தொட்டது தண்ணீர்ச் செம்பின் படத்தை.

"மாமாவுக்குத் தாகமா இருக்குக்கா" என்றாள் கொல்லைக்கு வந்து. அவள் கண் கலங்கியிருந்தது. "குடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமா ஒரு செம்பு முழுசும் குடிச்சிட்டாரு. கொஞ்ச நாள் வேற எடத்துல இருக்கணும்னு சொல்றாரு. இதை நான் எழுதி வைக்கணும். மையத்தோட குழுவுக்குச் சொல்லணும். தேவைப்பட்டா சமூக நல அலுவலகத்துக்கும் போகும். உங்ககிட்ட மறைச்சு எதையும் செய்யமாட்டேன்."

"என்னைவிட்டுப் போகணும்னா சொன்னாரு?"

"கொஞ்ச நாள்னு சொன்னாருக்கா."

மறுநாளே அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனோம். அவருடைய அக்கா மகாலட்சுமி அங்கேதான் இருக்கிறார். அவரும் மருத்துவமனைக்கு வந்துவிட்டார். டாக்டர் மணிக்கட்டைப் பார்த்தபோது செல்வி என்னைப் பார்த்தாள். அவள் சொல்வதற்கு முன் நானே சொன்னேன். "நான்தான் கட்டுனேன் டாக்டர். தண்ணியும் கொறச்சேன். அடிச்சுமிருக்கேன்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சிறிது நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். "எப்ப அடிச்சீங்க?"

"சோத்தைத் துப்பும்போது."

சிறுநீர்த் தொற்று இருந்தது. உடம்பில் நீர் வற்றியிருந்தது. மறுபரிசோதனைக்கு வரச்சொன்ன தேதியில் நான் கூட்டிவரவே இல்லை. வந்திருந்தால் குழாயை அப்போதே எடுத்திருப்பார்கள், இழுக்க எதுவும் இருந்திருக்காது. ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துத் தொண்டையில் கைவைத்துப் பார்த்தார்கள். டிஸ்ஃபேஜியா (விழுங்கும் தசைகள் ஒழுங்காக வேலை செய்யாத நிலை) என்றார்கள்.

"அவர் துப்புனது கோவத்துல இல்லம்மா" என்றார் டாக்டர். "உள்ள எறங்கல. துப்பாம இருந்திருந்தா நுரையீரலுக்குப் போயிருக்கும்."

அதற்குப் பிறகு என் கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தார். மிக அதிகமாக இருந்தது. கடைசியாக எப்போது முழுசாகத் தூங்கினீர்கள் என்று கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. "இதுக்கும் மருந்து எழுதுறேன். ஆனா இதைச் சாக்காச் சொல்லிக்காதீங்க" என்றார். அப்படிச் சொன்னதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

என் கணவர் ஏழு வாரம் நாத்தனார் வீட்டில் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். நாத்தனார் கூடவே உட்கார்ந்திருப்பார். அது குழுவின் நிபந்தனை. முதல் மூன்று முறை நாத்தனார் என்னோடு பேசவில்லை. நான்காவது முறை காபி வைத்துவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல வசந்தா, நானா வரமாட்டேன்?" என்றார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குறேன்னு சொன்னாங்க அண்ணி. அப்பறம் எப்புடிச் சொல்றது?"

என் பெயரை மையத்தின் தன்னார்வலர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். செல்வி தீர்மானத்தை எனக்குப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கினாள். வலித்தது. நான் அங்கே இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். இப்போது மாதம் ஒருமுறை அங்கே போகிறேன், மேசைக்கு இந்தப் பக்கம், உதவி தேடி வருபவர்கள் பக்கம் உட்கார. வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். முதல் நாள் நான் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஏற்கெனவே துண்டை எடுத்திருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்குத் தானாகச் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். மாற்று ஆள் ஒருவரைக் கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். உங்களைப் பாராட்டுபவர்களிடமே கேளுங்கள்.

வீட்டுக்குத் திரும்பி வருகிறீர்களா என்று அவரிடம் கேட்டது நானல்ல, செல்வி. தனியாகக் கேட்டாள். அவர் வீட்டின் படத்தைத் தொட்டார். கூடவே அக்காவின் படத்தையும் தொட்டார். வாரத்தில் இரண்டு நாள் நாத்தனார் இங்கே வந்து இருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் என்பதைச் செல்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்படியே நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செல்வி வருகிறாள். அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் நானே எழுந்து கொல்லைக்குப் போய்விடுவேன்.

அவர் வீடு திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது. கோலூன்றி வாசல்வரை நடக்கிறார். முப்பது சொற்களுக்கு மேல் வந்துவிட்டன. மோட்டாரில் எந்த ஒயர் எங்கே போகும் என்று இடது கையால் வரைந்துகாட்டுகிறார். வலது கை இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

என் வலது கையைப் பற்றி எனக்கு இப்போது ஓர் எச்சரிக்கை இருக்கிறது. களைப்பு தோள்பட்டையிலிருந்து அதற்குள் இறங்குவதை முன்கூட்டியே உணர்கிறேன். உணர்ந்ததும் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறேன். முன்பெல்லாம் என் உடம்பு சொல்வது எனக்குக் கேட்டதே இல்லை.

நேரமும் மாறிவிட்டது. ஒரு வாய் சோறு இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வேளைச் சாப்பாடு ஐம்பது நிமிடம். அவர் ஒரு சொல்லைத் தேடும்போது நாம் அதை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். காத்திருக்க வேண்டும்.

போன மாதம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு நடுவே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வ..." என்றார். வாழைப்பழமா, வெந்நீரா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "வ... வ..." அவர் நெற்றியில் வியர்த்தது. தட்டில் சோறு ஆறிப்போனது.

"வலிச்சுது" என்றார்.

"எங்கங்க?"

இடது கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஆமாங்க" என்றேன். "நான் அடிச்சேன். உங்களுக்கு வலிச்சுது."

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். தலையை அசைத்தார். பிறகு வாயைத் திறந்தார். நான் அடுத்த வாய் ஊட்டினேன். அது இறங்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.