உதறாத ஒரு புத்தகம்

நூலகத்துக்குத் திரும்பி வரும் புத்தகத்தை அக்கா தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு உதறுவார். அதன் பிறகுதான் தேதி முத்திரை. விழுவதையெல்லாம் தேதி எழுதி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார்: கொண்டை ஊசி, மருந்துச் சீட்டு, பல் முளைக்காத ஒரு குழந்தையின் புகைப்படம். ஒருமுறை சீப்பே விழுந்தது. "தேடி வருவாங்க" என்று அதையும் எடுத்துவைத்தார். எங்கள் நூலகத்தில் அவருக்கு 'டப்பா அக்கா' என்று பெயர். காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்பார்.

புதிதாகச் சேருகிறவர் யாரும் நூலகத்தின் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது. சரக்குக் கிடங்கில் மூட்டை சுமந்த ஏழு பேர், அறுபத்து மூன்று புத்தகங்களை ஒரு மரப்பெட்டியில் அடுக்கித் தொடங்கியது. ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் வைத்த விதி ஒன்றே ஒன்று. கொடுத்த புத்தகத்தைக் கேட்டு யார் வீட்டுக்கும் போகக் கூடாது. "வாசல்ல வந்து நின்னு கேட்டா தெருவே வேடிக்கை பார்க்கும். கடன்காரங்க வந்து நின்ன அந்த அவமானம் ஏழு பேருக்கும் தெரியும்" என்பார் அக்கா. அபராதமும் கிடையாது. மெதுவாகப் படிக்கட்டுமே, ரயிலா பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்பார்.

அக்காவின் கணவர் பேருந்து நடத்துநர். பயணச்சீட்டைத்தான் பக்க அடையாளமாக வைப்பார். "வீட்லதான் நீங்க புருஷன், இங்க உறுப்பினர்" என்று அவருடைய புத்தகத்தையும் உதறி, விழுந்த சீட்டுகளை அவர் கையிலேயே திணிப்பார் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். கடைசியாக அவர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனது கடலாமைகளைப் பற்றிய புத்தகம். பதினோரு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. புத்தகத்தை அக்காவே கொண்டுவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் அலமாரியில் செருகிவிட்டார். முப்பது வருடத்தில் அவர் உதறாத புத்தகம் அது ஒன்றுதான்.

நாற்பது நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட வார்டு நர்ஸ் உறுப்பினராகச் சேர வந்தார். தொண்டையில் குழாய் இருந்ததால் அக்காவின் கணவரால் கடைசியில் பேச முடியவில்லையாம். ஒரு தாளில் முக்கால் பக்கம் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தாராம். நான் அவங்க கையில கொடுக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு, எழுதிக் காட்டினாராம்: "வேண்டாம். அவ உதறுவா."

அக்கா அலமாரிக்கு ஓடினார். புத்தகம் வெளியே போயிருந்தது. எடுத்தவர் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன், பச்சைக் கதவு வீடு. அதன் பிறகு இரண்டு வருடம் அந்தக் கதவைத் தாண்டித்தான் அக்கா வேலைக்கு வந்தார். ஒருநாளும் தட்டவில்லை. கூட வேலை பார்க்கும் நானாவது போய்க் கேட்கிறேன் என்றேன். கூடாது என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்றார். கொஞ்ச நேரம் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "தட்டிக் கேட்டு, அப்படி எதுவும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றார்.

போன திங்கட்கிழமை மாலை எலக்ட்ரீஷியனின் மனைவி வந்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்ததாம், தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லி ஆமைப் புத்தகத்தை நீட்டினார். அக்கா வாங்கினார். உதறினார்.

மடித்த தாள் ஒன்று விழுந்தது.

குனிந்து எடுத்துப் பிரித்தார். பல்பு மூன்று, வயர் பத்து மீட்டர், டேப் இரண்டு. "உங்க வீட்டுக்காரர் தேடியிருப்பாரும்மா" என்று அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் போனதும் தேதி முத்திரை குத்தி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு நடந்தார்.

இடத்தில் வைக்கப் போனவர் வைக்கவில்லை. எங்களுக்கு முதுகு காட்டி நின்று, புத்தகத்தை மறுபடி தலைகீழாகப் பிடித்து, இந்த முறை கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு, உதறினார்.