கொண்டையில் ஒரு பிடிச் சோறு

மலைநாடு அழகு என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலாயாவில், ரெம்பாவ் பக்கத்து எங்கள் தோட்டத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? சரிவில் படிகளாக மண்ணை வெட்டி ரப்பர் நட்டிருந்தார்கள். ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசை மரம். கங்காணிக்கு வேண்டியவர்களுக்கு அடிவார நிரை. வாய் நீளமான எனக்கு உச்சி நிரை. விடிகாலைப் பனியில் வழுக்கி ஏறி, மரத்தைக் கீறிப் பால் வெட்டி, வாளியோடு இறங்க மத்தியானமாகிவிடும்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்கு எங்கள் சாப்பாடு போய்விடுமாம். கம்பி வாசலைத் தாண்டி ஒரு பருக்கை போகக் கூடாதாம். மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவது அத்தோடு போயிற்று. துரை மட்டும் பங்களாவில் வேளாவேளைக்குத் தின்றான். எனக்கு அப்போது ஏழு மாதம், தலைச்சன் பிள்ளை.

பசி தாங்காமல் ஒருநாள் ஒரு பிடிச் சோற்றை உருட்டி, இலைக் கிழிசலில் சுற்றி, கொண்டைக்குள் வைத்து முடிந்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. வாசலில் பெண்களைச் சோதிக்க யாரை வைத்திருந்தார்கள்? வெள்ளைக்காரியையா? என் பக்கத்து வீட்டுக்காரியைத்தான். நாங்கள் எதை எங்கே ஒளிப்போம் என்று அவளுக்குத் தெரியாதா? நேராகக் கொண்டையில் கை வைத்தாள்.

"அக்கா, வயித்துப் புள்ளைக்குக்கா. விட்ரு," என்றேன்.

"போலீஸ் பாக்குறான்லா. என் வேல போயிரும்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தாள். சோறு செம்மண்ணில் விழுந்தது. போலீஸ்காரன் அதைப் பூட்ஸால் மிதித்தான். ஆள் குறைந்தால் பால் குறையும், அதனால் கேஸ் போடவில்லை.

"ஏறு மேல! ஒன் நெரைய ஒங்கப்பனா வெட்டுவான்?" என்றான் கங்காணி.

ஏறினேன். இறங்கும்போது கண் இருட்டி, வாளியோடு இரண்டு படி உருண்டேன். அன்று சாயங்காலமே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை.

மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நின்று அழுதாள். அந்தச் சட்டியை அவள் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். துரையை, கங்காணியை, போலீஸை இன்றும் வாய் வலிக்கத் திட்டுகிறேன். அதைவிட அதிகமாக என்னைத் திட்டுகிறேன். சட்டியை வாங்கி வழித்துக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவளிடமே கேட்டேன்.