நான்காவது மாடியில் பூட்டு மாற்றிய வீடு

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பேய் என்றால் நானே வாய்விட்டுச் சிரிக்கிற ரகம்தான். இருபது வருடமாக நகரசபையின் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. செத்தவர் வீடு, ஓடிப்போனவர் வீடு, ஜெயிலுக்குப் போனவர் வீடு, எல்லாவற்றுக்குள்ளும் தனியாக நுழைந்திருக்கிறேன். எலியைத் தவிர எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை. போன டிசம்பர் வரைக்கும்.

அன்று கார்லிக்கு வீடு காட்டப் போனேன். இருபத்தாறு வயதுப் பெண். சின்ன மகளோடு வீடற்றோர் விடுதியில் ஒற்றை அறையில் எட்டு மாதமாகக் கிடந்தாள். கட்டிலில் சாப்பாடு, கட்டிலில் தூக்கம், கட்டிலில் விளையாட்டு. எங்கள் விதி ஈவிரக்கமில்லாதது. ஒரே ஒரு வீடுதான் காட்டுவோம். வேண்டாம் என்றால் அந்த விடுதி அறையும் போய்விடும், அப்புறம் அவளும் குழந்தையும் தெருவில்தான். பேய் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் மேலதிகாரி அதை ஒரு காரணமாக ஏற்கவே மாட்டார்.

மகளை நர்சரியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அதிசயமாக லிஃப்ட் வேலை செய்தது. மதியம் மூன்றரை மணிதான், ஆனால் வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது; எங்கள் ஊர் டிசம்பர் அப்படி. முன்பு குடியிருந்தவர் போனதும் மாற்றிய புதுப் பூட்டைத் திறந்து உள்ளே போனோம். குளிர் வராமலிருக்கக் கதவைச் சாத்தினேன்.

"கரன்ட் இல்லியா, க்ளெண்டா?"

"நீ குடி வர்ற அன்னிக்குத்தான் வரும். இந்தா, டார்ச் இருக்கு."

காலி வீட்டில் ஹீட்டர் ஓடாது. ஆனால் கூடத்தில் கதகதப்பாக இருந்தது. ரொட்டி வாட்டிய வாசனை வேறு. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலறையில் கார்லி சிங்க்கைத் தடவிப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கே."

இருக்க முடியாது. குளிரில் குழாய் வெடித்துவிடும் என்று காலி வீடுகளில் தண்ணீரை மொத்தமாக வடித்துவிடுவோம். குழாயைத் திருகினேன். காற்றுகூட வரவில்லை. ஆனால் சிங்க் ஈரம்தான், இப்போதுதான் யாரோ கோப்பை கழுவின மாதிரி. பழைய ஈரமாக இருக்கும் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அவளுக்கு வேறு வீடு கிடையாதே!

அப்போது வெளியே லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டது.

டக்... ஸ்ஸ்ர்ர்... டக்... ஸ்ஸ்ர்ர்...

வாக்கர் வைத்து நடக்கிற சத்தம். எத்தனை வயதானவர்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மெதுவாக நடைபாதையில் வந்தது. எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது.

சாவி உள்ளே நுழைந்தது.

திரும்பவில்லை. திரும்பாது, அது புதுப் பூட்டு. வெளியே எடுத்து, மறுபடி நுழைத்து... மறுபடி...

"யாரு அது?" என்றேன்.

கதவில் தபால் போடும் துவாரத்தின் மூடி மெல்ல உயர்ந்தது.

"யாரு கண்ணு உள்ள? என் சாவி ஏன் தொறக்க மாட்டேங்குது?"

ஒரு கிழவியின் குரல். மூச்சு வாங்கியது.

என் கால் நகரவில்லை. உண்மையாகவே பயந்தேன். மணி பார்த்தேன். 3.45.

கார்லி கதவை நோக்கிப் போனாள்.

"வேணாம்மா!"

"பாவம் க்ளெண்டா, குளுர்ல நிக்கிறாங்க."

திறந்தாள்.

யாரும் இல்லை.

சில்லென்று ஒரு காற்று எங்களைத் தாண்டி உள்ளே போனது.

படுக்கையறையில்... கட்டில் முனகியது.

அந்த அறையில் கட்டிலே கிடையாது.

வெளியே ஓடி வந்து நின்றோம். "எங்க கையெழுத்து போடணும்?" என்று மட்டும் கேட்டாள் கார்லி. அன்று மாலையே இரண்டு பைகளோடும் மகளோடும் குடி வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில், எங்கள் அலுவலகத்தில் அந்தப் பகுதியைக் கவனித்த நைஜல் என் மேஜைக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த வீட்ல முன்னாடி இருந்த ஐவி ஹாட்சன்... நேத்துதான் செத்தாங்களாம். ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு."

"வீட்ட விட்டுட்டுப் போயிட்டாங்கன்னுல்ல சொன்ன?"

"மூணு தடவ போய்த் தட்டினேன். கதவுல நோட்டீஸ் ஒட்டினேன். ஒரு மாசம் பதிலே இல்ல. அப்புறந்தான் சாமான எல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் பூட்ட மாத்தினோம். இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தாங்கன்னு எனக்கு யாரு சொன்னா?"

நேற்று அவருக்கு வீட்டுக்குப் போகும் நாள். கோட்டு மாட்டி, வாக்கரைப் பிடித்தபடி வண்டிக்குக் காத்திருந்தாராம். எங்கள் அலுவலகத்தைக் கேட்ட நர்ஸுக்கு, அப்படி யாரும் அங்கே குடியிருக்கவில்லை என்று பதில் போயிருக்கிறது. அதை அவரிடம் சொன்னார்களாம். "என் வீட்டுக்கு நானே போய்க்கிறேன்" என்று சொல்லிக் கண்ணை மூடியவர் திறக்கவில்லை.

மணி 3.45.

கார்லியைப் போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேலே பேசி வேறு வீடு வாங்கித் தருகிறேன் என்றேன்.

"எனக்குத் தெரியும், க்ளெண்டா. நேத்து நாந்தானே கதவத் தொறந்து விட்டேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் தூங்குறாங்க. இருந்துட்டுப் போகட்டும். எங்களுக்கும் போக்கிடம் இல்ல, அவங்களுக்கும் இல்ல."